அட்டையில் நாலு பேர்

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட என்னிடம், உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு பாக்கெட்டை நீட்டி, பிரிக்காமல்தான் வாங்க வேண்டும், அதுதான் கம்பெனி சட்டம் என்றார் ஷார்ஜா ரோலாவில் பொம்மைக்கடை வைத்திருந்த பாய். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடைக்குள் கூட்டம் இருந்தது. அதையும் பார்க்காமல், எனக்கு மஞ்சள்காரிதான் வேண்டும், அவள் உள்ளே இருக்கிறாளா இல்லையா என்று கத்தினேன். முப்பத்தாறு வயது, கை நிறைய கிரீஸ் கறை, முகத்தில் பாதியை மறைக்கிற மீசை. இந்த லட்சணத்தில் ஒருத்தன் மஞ்சள்காரி வேண்டும் என்று கத்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் பாய் சிரிக்கவில்லை. கீழக்கரைப் பக்கத்துக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு நிதானம்.

"தெரிஞ்சா ஒண்ணு வாங்குவீங்க தம்பி. தெரியலேன்னா பத்து வாங்குவீங்க. ஜப்பான்காரன் மூளையப் பாருங்க" என்றார்.

பாக்கெட்டுக்குள் இருப்பது சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற ரப்பர் பொம்மை. கட்டைவிரல் உயரம். ஐந்து பெண்கள், ஐந்து நிறம். பாக்கெட்டுக்கு ஒருத்தி. எந்த ஒருத்தி என்பது கடைக்காரருக்கும் தெரியாது. ஜப்பான் கார்ட்டூன் ஒன்றில் பாடி ஆடுகிற கோஷ்டி அது. அந்த வருஷங்களில் ரோலாவில் அரபிப் பிள்ளைகள் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து கேட்டார்கள். பியூட்டி பார்லரில் வேலை பார்க்கும் பிலிப்பைன் பெண்கள் வந்து கேட்டார்கள். கழுத்தில் டையோடு ஒரு மலையாளி வந்து நிதானமாக ஆறு பாக்கெட் எடுத்துக்கொண்டு போனார். எல்லோருக்கும் நீலக்காரிதான் வேண்டும். அவள்தான் நடுவில் நின்று பாடுகிறவள். மஞ்சள்காரியைக் கேட்டது நான் ஒருத்தன்தான்.

அன்றைக்கு இரண்டு பாக்கெட் வாங்கினேன். இரண்டிலும் நீலம்.

எல்லாம் என் மகளுக்காக. அவள் ஐந்து மாசக் குழந்தையாக இருந்தபோது நான் விமானம் ஏறினேன். அபுதாபி முசஃபாவில் ஒரு கேரேஜில் மெக்கானிக் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாசம் லீவு. அவளுக்கு எட்டு வயது முடிந்தபோது, அதன்பின் என்னோடு அவள் இருந்த நாட்களை ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. அந்த வருஷ லீவு முடிந்து திருச்சி விமான நிலையத்தில் நான் உள்ளே போகிறபோது, அவள் தன் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். டாட்டா சொல் என்றார்கள். சொன்னாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. நான்தான் உள்ளே போய்க் கழிவறையில் நின்று அழுதேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பழகினால்தானே பாசம்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. ஊரில் பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து, சாயந்தரம் ஐந்து மணிக்கு, போன் கார்டு போட்டுப் பேசுவேன். சாப்பிட்டியா என்பேன். ம் என்பாள். படிக்கிறியா என்பேன். ம் என்பாள். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பிறகு என் மனைவி பேசுவாள். கடைசியில் என் அப்பா போனை வாங்குவார். அவருக்குக் காது மந்தம். போன் என்ற ஒன்று நடுவில் இருப்பதையே நம்பாதவர் மாதிரி, கடல் தாண்டிக் கேட்கட்டும் என்று கத்துவார். "எப்ப வர்றே?" வாராவாரம் அது ஒன்றுதான். நான் பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. திரும்பவும் எப்ப வர்றே என்பார். எனக்கு எரிச்சல் வரும். "கார்டு ஓடுதுப்பா, போன வைங்க" என்பேன். வைத்துவிடுவார்.

எங்கள் கேரேஜின் பெயிண்ட் ரூமில் ஒரு பிலிப்பைன்காரன் இருந்தான். கையில் பச்சை குத்தியவன், ஆள் ஆஜானுபாகு. மத்தியானச் சோறு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கார்ட்டூன் பெண்கள் பாடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவனைப் பிடித்துக் கிண்டல் பண்ணினேன். இத்தனை பெரிய ஆம்பளை பொட்டப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படத்தைப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. படத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, ஒரு இடத்தைக் காட்டினான். பாட்டு முடிந்ததும் அந்த ஐந்து பேரும் திரும்பி, பார்க்கிற நம்மைப் பார்த்து, தலை குனிந்து ஏதோ சொல்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் நன்றாக உழைத்தீர்கள், களைத்திருப்பீர்கள், நாளைக்கும் வாருங்கள் என்கிறார்களாம். என் வீட்டில் ஒருவரும் இதை என்னிடம் சொன்னதில்லை, பணம் வந்ததா வரவில்லையா என்றுதான் சொல்வார்கள் என்றான். மறுநாள் என் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நானும் பெயிண்ட் ரூமுக்குப் போனேன்.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே தீவுகளுக்குப் போய்வருகிற பழைய படகு ஒன்று. ஆள் ஏறாததால் நிறுத்தப் போகிறார்கள். படகை ஓடவைக்க, அங்கே வேலை பார்க்கும் ஐந்து பெண்கள் மேல்தளத்தில் பாட ஆரம்பிக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கிறவள்தான் மஞ்சள்காரி. குரல் சன்னம். ஆட்டத்தில் எல்லோரும் வலது பக்கம் திரும்பினால் இவள் இடது பக்கம் திரும்புவாள். பிறகு மன்னிப்புக் கேட்பாள்.

பெயிண்டர் எனக்குச் சில டிஸ்குகள் எழுதிக் கொடுத்தான். ஊருக்கு லீவில் போகிறவன் கையில் பால்பவுடரோடும் தைலத்தோடும் அவற்றையும் கொடுத்துவிட்டேன். பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, என் மனைவி ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே போனைப் பிடுங்கி, "அப்பா, அந்த மஞ்சச் சட்டைக்காரி ஏன் அழுவுறா? கீழ இங்கிலீஷ்ல என்னமோ போடுறான், படிக்கிறதுக்குள்ள ஓடிருது" என்றாள் என் மகள்.

எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியாது. அடுத்த வாரம் சொல்கிறேன் தாயி என்று சொல்லிவிட்டு, மறுநாளே பெயிண்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவன் பாதி இந்தியிலும் பாதி கையசைப்பிலும் கதையைச் சொல்வான். நான் அதைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை சொல்வேன். கொஞ்சம் மசாலாவும் சேர்ப்பேன். அவள் ம் கொட்டிக் கேட்பாள். அதே ம் தான். ஆனால் இந்த ம் வேறு. அடுத்து என்னப்பா என்கிற ம்.

அந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் மெல்ல விளங்கியது. ஐந்து பேரைக் காட்டுகிறான். உனக்கு யார் என்று கேட்கிறான். ஒருத்தியை எடுத்துக்கொண்டாயோ, தொலைந்தாய். அவள் பிறந்தநாள் உனக்குத் தெரிய வேண்டும், அவளுக்குப் பிடித்த பலகாரம் தெரிய வேண்டும். பாட்டு ஒன்றுதான், அதற்கு அட்டை ஐந்து. அடுத்த பாட்டில் நடுவில் நிற்பது யார் என்று ஓட்டுப்போடச் சீட்டு வேறு வைத்திருந்தான் டிஸ்கின் உள்ளே. பெயிண்டர் ஒரே பாட்டை மூன்று தடவை வாங்கினான், நீலக்காரி நடுவில் நிற்க வேண்டுமாம். அவள் பிறந்தநாளுக்குப் பெயிண்ட் ரூமில் கேக் வெட்டினான். தின்னரின் நெடி அடிக்கிற கேக்கை நானும் தின்றேன். கிறுக்குப் பயலே என்று திட்டிக்கொண்டேதான் தின்றேன்.

என் மகளிடம், உனக்கு யார் தாயி என்று கேட்டபோது, கொஞ்சம்கூட யோசிக்காமல் மஞ்சள் என்றாள். நீலக்காரிதானே நன்றாகப் பாடுகிறாள் என்றேன்.

"அவளுக்குத்தான் எல்லாரும் இருக்காங்களே. இவதான்ப்பா தப்பாத் தப்பா ஆடுறா. இவ பக்கம் யாராச்சும் இருக்க வேணாமா?"

அதற்குப் பிறகு அந்த மஞ்சள்காரியைக் கண்டுபிடிக்காமல் நான் விடுவேனா? மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து ஆட்கள் ரோலா மைதானத்தில் கூடுவார்கள். அந்தச் சாக்கில் முசஃபாவிலிருந்து ஷார்ஜாவுக்கு யாருடைய பிக்கப்பிலாவது தொற்றிக்கொண்டு போய் பாய் கடையில் பாக்கெட் வாங்குவேன். நீலம் வந்தது, சிவப்பு வந்தது, திரும்பவும் நீலம் வந்தது. என் ரூம்காரர்கள், மாமாவுக்கு ஒரு பெண்தானே, இதென்ன ஐந்தாறு பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறீர்களா என்று கேலி பண்ணினார்கள். கடைசியில் மூன்று நீலத்தைப் பெயிண்டரிடம் கொடுத்து, அவனிடம் இருந்த ஒரே மஞ்சளை வாங்கினேன். அவன் மூன்று நீலத்தையும் ஸ்பிரே கன் தொங்குகிற கொக்கியில் வரிசையாக மாட்டினான். மஞ்சள்காரி ஊருக்குப் போய் என் மகளின் புத்தகப் பையில் தொங்கினாள். அதைச் சொல்லும்போது என் மனைவிகூட போனில் சிரித்தாள்.

என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில மாசங்கள்தான்.

பிறகு ஒருநாள் பெயிண்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தான். பெயிண்ட் நெடியாக்கும் என்று நினைத்தேன். மஞ்சள்காரி போகிறாள், கலாஸ், முடிந்தது என்றான். கடைசி டிஸ்க் வந்திருந்தது. அதில் அவள் கடைசி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பெரிய நகரத்தில் ஒரு வேலைக்காகப் படகிலிருந்து இறங்கிப் போய்விடுகிறாள். கரையில் அவள் நிற்கிறாள். படகு போகிறது. மேல்தளத்தில் இருக்கிற ஜனமெல்லாம் ஆளுக்கொரு மஞ்சள் விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், படகு கண்ணுக்கு மறைகிற வரைக்கும். அவள் திரும்ப வர மாட்டாளா என்று கேட்டேன். வர மாட்டாள், கம்பெனியே சொல்லிவிட்டது என்றான்.

அடுத்த முறை ரோலாவுக்குப் போனபோது பாய் கடையில் எள் விழ இடமில்லை. எல்லோரும் மஞ்சள் மஞ்சள் என்று கேட்டார்கள்.

"இருந்தப்ப ஒருத்தரும் கேக்கல தம்பி. போறான்னு தெரிஞ்சதும் பாருங்க, கடையையே தூக்கிட்டுப் போறாங்க" என்றார் பாய். அந்தப் படம் தொடங்கிய நாளிலிருந்து விற்றதைவிட அந்த மாசம்தான் அதிகம் விற்றது என்றும் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் எங்கேடா இருந்தீர்கள் என்று அந்தக் கூட்டத்தையே கேட்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் என் கவலை அதுவல்ல. மஞ்சள்காரி போய்விட்டால் என் மகள் அழுவாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை நாங்கள் என்ன பேசுவோம்? திரும்பவும் சாப்பிட்டியா, ம், படிக்கிறியா, ம். அந்த ம்முக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது. உண்மையைச் சொன்னால், அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் மறைத்தேன். கடைசி டிஸ்கைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். படகு ரிப்பேர், அதனால் புது டிஸ்க் வரவில்லை, ஆனால் கதை எனக்குத் தெரியும் என்று சொல்லி, நானாகவே கதை கட்ட ஆரம்பித்தேன். படகின் இன்ஜினை மஞ்சள்காரியே பிரித்து மாட்டினாள். மெக்கானிக்குக்கு வேறென்ன கதை வரும்?

மறைப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. ஒருமுறை ஜாக்கி நழுவி என் விரல் நசுங்கியது. மாசக் கணக்கில் கட்டுப் போட்டிருந்தேன். ஊரில் கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னேன். அங்கே மனைவி டைபாய்டில் கிடந்ததும் எழுந்து நடமாடிய பிறகுதான் எனக்குத் தெரியும். கடலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுதான் எங்கள் ஆட்களின் நியாயம்.

கதையை நம்பவைக்க, புதிதாக வந்த பாக்கெட்டுகளில் ஐந்தாறு வாங்கினேன். மறுநாள் ஒருத்தன் ஊருக்குப் போகிறான். அவசரத்தில் அவற்றை அப்படியே அவன் கார்ட்டன் பெட்டியில் சொருகிவிட்டேன். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிறவன், அந்தப் பாக்கெட்டின் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது கழிந்து சில வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ரோலா மைதானத்துப் புல்லில் உட்கார்ந்து வழக்கம்போலப் போன் போட்டேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை என் மகள் எடுத்தாள். மூச்சு வாங்கியது. என்ன தாயி என்றேன். ஓடியாந்தேன்ப்பா என்றாள். காற்றுச் சத்தம் கேட்டது. அம்மா எங்கே என்றேன். வேலையா இருக்காங்க என்றாள். தாத்தா எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே உடனே கேட்டாள்.

"அப்பா, பாட்டு முடியற வரைக்கும் எல்லாரும் லைட்டத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, அவங்களுக்குக் கை வலிக்காதா?"

கச்சேரிக் காட்சிகளைப் பற்றி நான் சொல்லியிருந்ததைக் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

"வலிக்கும் தாயி. ஆனா முடியற வரைக்கும் இறக்க மாட்டாங்க. பிரியம் இருக்கில்ல" என்றேன்.

ம் என்றாள். பிறகு, அப்பா நான் போகணும், கூப்பிடுறாங்க என்று வைத்துவிட்டாள். அவளாக வைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவள் பேச்சு கூடிவிட்டது. முழு அரை மணி நேரமும் அவளே. மஞ்சள்காரி அந்த இன்ஜினை எப்படிக் கழற்றினாள், பச்சைக்காரி ஏன் உதவவில்லை, நீங்க எப்ப அடுத்த கதை சொல்வீங்க என்று விடாமல் கேட்டாள். கார்டு தீர்ந்துபோகும். அம்மாவிடம் பேச நேரமிருக்காது. தாத்தாவைக் கேட்டால் வயலில் இருக்கிறார், தூங்குகிறார், காது சுத்தமாகக் கேட்கவில்லையாம் அதனால் போன் வேண்டாம் என்கிறார் என்று வரும். நானும் மேலே கேட்கவில்லை. எப்ப வர்றே என்ற அந்தக் கத்தல் இல்லாதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், எனக்கு இது தண்டனையாக இருக்கட்டும்.

ஆறு மாசம் கழித்து லீவு கிடைத்தது. திருச்சியில் காலையில் இறங்கினேன். வேனில் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, அவன் மட்டும்தான் வந்திருந்தான். மகளையும் கூட்டிவந்திருக்கலாமே என்றேன். அவன் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னான். ஊர் எல்லையில் டீக்கடை ஓரம் வேனை நிறுத்தச் சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அண்ணே, பெரியப்பா போயிட்டாங்கண்ணே என்றான். எப்போது என்றேன். தை மாசம் என்றான். அது ஆடி மாசம்.

நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தது அவன்.

வீட்டுக்குள் போனேன். அப்பா போட்டோச் சட்டத்துக்குள் இருந்தார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அப்பாவே சொல்லியிருந்தாராம், எனக்கு ஏதாவது ஆனால் அவனுக்குச் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் அரபிக்காரன் கையில் இருக்கும், வரவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மிஷினில் கையைக் கொடுத்துவிடுவான் என்று. அதையெல்லாம் கேட்கிற நிலையில் நான் இல்லை. மனைவியைத் திட்டினேன். தம்பியைத் திட்டினேன். கதவுக்குப் பின்னால் பத்து வயது மகள் நின்றாள். அவளையும் விடவில்லை.

"வாரா வாரம் அரை மணி நேரம் பேசினியே, அந்த வாய்க்கு இந்த ஒரு வார்த்தை வரலையா? எவளோ ஒரு பொம்மைக்காக உருகினியே, தாத்தாவுக்காக ஒரு வார்த்தை வரலையா?"

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் என் பக்கத்தில் வரவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், நான் முன்கூடத்தில் படுத்திருந்தேன். உள்ளே அந்தப் பாட்டுக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், ஊருக்குக் கொண்டுவந்த என் பெட்டிக்கடியில் இருந்த கடைசி டிஸ்கை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் மஞ்சள்காரி கரையில் நிற்கிறாள். படகு போகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைப் பார்க்காதே தாயி என்று அணைக்கப் போனேன்.

"தெரியும்ப்பா. அவ போயிட்டா" என்றாள். அழவில்லை.

யார் சொன்னது என்று கேட்டேன். எழுந்து போய்ப் புத்தகப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். நான் அனுப்பிய புது பாக்கெட்டின் அட்டை. பின்பக்கம் படகின் மேல்தளத்தில் அவர்கள் நிற்கிற படம். நீலம், சிவப்பு, பச்சை, ரோஸ். நாலே பேர். ஐந்தாமவள் நின்ற இடத்தில் சந்துகூட இல்லை, நாலு பேரும் நெருங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை, நான் சொன்ன கதையெல்லாம் பொய் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் மஞ்சள் பொம்மையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"தாத்தாட்ட காட்டினேன். அப்ப தாத்தா இருந்தாங்க. 'உங்கப்பன் சொல்லட்டும், நீ கேட்டுக்கிட்டே இரு. அப்பத்தான் அவன் போன வைக்க மாட்டான்'னு சொன்னாங்க."

அந்தப் பிள்ளை முன்னால் வாய்விட்டு அழுதேன். கார்டு ஓடுதுப்பா, வைங்க என்று நான் சொன்னது காது கேட்காத அந்த மனுஷனுக்கு எப்படித்தான் கேட்டதோ. என் அழுகையைக் கேட்டு மனைவி ஓடிவந்தாள். அவளிடம் அன்றைக்குத்தான், வந்து ஐந்து நாள் கழித்து, அப்பாவை எப்படி எடுத்தீர்கள் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியக்காலையில் போயிருக்கிறார். சனிக்கிழமை ஆகிவிடக் கூடாதென்று அன்றைக்கே எடுக்க முடிவு பண்ணினார்கள். ஐந்து மணிக்கு நான் கூப்பிடுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லையென்றால் ஊரெல்லாம் போன் போட்டு விசாரிப்பேன். எடுத்துப் பேசலாம் என்றால் பெரியவர்கள் ஒருவருக்கும் அழுது அழுது தொண்டை இல்லை. குரல் உடையாமல் இருந்தது பிள்ளை ஒருத்திதான். அவள் கையில் போனைக் கொடுத்து, அழுகைச் சத்தமும் கொட்டுச் சத்தமும் கேட்காத தூரத்துக்கு, ஏரிக்கரைக்கு ஓடச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் கார்ட்டூனைப் பற்றி மட்டும் பேசு, வேறு எதையும் பேசாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேசிவிட்டு ஓடிவந்தபோது நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்களாம். அவள் கையிலும் ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தார்கள். சடங்கு முடிய நேரமாகியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் கை வலிக்கிறதென்று தாழ்த்திவிட்டார்கள். இவள் மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றாளாம். நெய் சொட்டுகிறது, இறக்கு பாப்பா, போதும் என்று என் மனைவி கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"முடியற வரைக்கும் இறக்கக் கூடாதுன்னு அப்பா இப்பத்தான் சொன்னாங்க" என்றாளாம்.